ஓட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது செய்யக் கூடாதவை

ஓட்டுக்குப் பணம் வாங்கும் வீட்டில் ஜனநாயகம் பற்றிய எந்தப் பாடமும் எடுபடாது. பெற்றோர் செய்யும் தவறுகளில் இதுவே பெரியது என்பேன். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு கவர் வருகிறது. "எல்லாரும்தான் வாங்குகிறார்கள், வாங்கிக்கொண்டு பிடித்தவருக்குப் போட்டால் போயிற்று" என்று கூடத்தில் உட்கார்ந்தே பேசிவிடுகிறோம். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு அதில் பதிவது ஒன்றுதான்: ஓட்டுக்கு விலை உண்டு.

வாங்குவதும் கொடுப்பதைப் போலவே குற்றம் என்று சொல்லுங்கள். அதன் விளைவையும் சொல்லுங்கள். பணப்பட்டுவாடா புகாரால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும் வாக்குப்பதிவு நின்றுபோனது. 2019 ஏப்ரலில் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல் ஆகஸ்டில்தான் நடந்தது. அதற்குள் டெல்லியில் புதிய அரசு பதவியேற்றுவிட்டது. ஒரு தொகுதியே தன் உறுப்பினர் இல்லாமல் காத்திருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். கவர் வந்தால் பிள்ளைகள் முன்னிலையிலேயே மறுத்துவிடுங்கள். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யலாம் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

"வா, நீயே பட்டனை அழுத்து" என்று ஆசை காட்டி வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போவது அடுத்த தவறு. வாக்காளருடன் கைக்குழந்தை மட்டுமே உள்ளே வரலாம் என்பது விதி. வளர்ந்த பிள்ளைகள் வாசலோடு நிற்க வேண்டும். உள்ளே நடப்பதை வீட்டில் விவரியுங்கள்: அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பது, இடக்கை ஆள்காட்டி விரலில் மை வைப்பது, பட்டனை அழுத்தியதும் ஏழு வினாடி மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டிக்குள் விழும் சீட்டு. யாருக்குப் போட்டோம் என்பதை வேறு யாரும் ஏன் பார்க்கக் கூடாது என்ற கேள்வி அப்போது பிள்ளையிடமிருந்தே வரும்.

அந்த இரகசியத்தை வீட்டுக்குள்ளேயே உடைக்கிறோம். "எங்கள் வீட்டில் நாலு ஓட்டு, நாலும் அவருக்குத்தான்" என்று குடும்பத் தலைவர் வாசலில் நின்று வாக்குறுதி கொடுக்கும்போது, அம்மாவுக்கும் பாட்டிக்கும் தனி ஓட்டு இல்லை என்றே மகள் புரிந்துகொள்கிறாள். 1951-52 பொதுத் தேர்தலின்போது சொந்தப் பெயரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று மட்டும் பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெயர் சொல்லத் தயங்கியதால் ஓட்டே போனது. இந்த வரலாற்றை மகளுக்கும் மகனுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்சிக் கொடியைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைப் பிரசாரத்துக்கு அனுப்பாதீர்கள். தேர்தல் பணிகளில் சிறாரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் ஆணையம் கண்டிப்பாக அறிவுறுத்தியிருக்கிறது. பள்ளிகளும் மதிப்பெண்ணைப் பார்த்து வகுப்புத் தலைவரை நியமிப்பதை விட்டு, பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். தோற்றவனும் மறுநாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து பழகட்டும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரிசையில் நிற்பதோடு கடமை முடிந்ததாகக் காட்டுவது இன்னொரு பிழை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. பிள்ளையையும் உடன் அழைத்துப் போங்கள். ஊராட்சியின் வரவு செலவை வாசிப்பதையும், எரியாத தெருவிளக்கைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்பதையும், அது தீர்மானமாக எழுதப்படுவதையும் நேரில் பார்க்கட்டும். நகரத்தில் இருப்பவர்கள் சாக்கடை அடைப்புக்கு மாநகராட்சிக்கு அனுப்பும் மனுவைப் பிள்ளையின் கையாலேயே எழுத வைக்கலாம். பதில் வராவிட்டால் நினைவூட்டும் கடிதத்தையும் அந்தப் பிள்ளையே எழுதட்டும்.

தேர்தல் அறிவித்த பிறகு அவசரமாகப் பெயர் சேர்க்க ஓடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. 17 வயது நிறைந்ததுமே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளே 18 வயதைக் கணக்கிடும் தகுதி நாள்கள். படிவத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம், பிள்ளையே நிரப்பிக் கையெழுத்திடட்டும்.