பழைய காருக்குப் புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பர்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார்களின் பம்பர்கள் பெரும்பாலும் சாதாரண இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கி, அதன்மேல் நிக்கலும் குரோமியமும் முலாம் பூசப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் குரோம் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவுக்கு மெல்லியது. இரும்பை ஈரத்திலிருந்து காப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான். முலாம் சரியாகப் பிடிக்காத பின்பக்கத்தில் தொடங்கும் துரு, பல ஆண்டுகள் கழித்து முன்பக்கத்தில் கொப்புளமாக வெளிப்படும்போது, மறுபடியும் முலாம் பூசுவதா, அதே வடிவில் புதிதாகச் செய்யப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பரை வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. இரண்டாவது வழி நல்ல வழி என்பதே என் எண்ணம். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரும்பு பொறுத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொள்ளாத உலோகம். இந்த வேலையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, அதையும் இரும்பைப் போலவே தட்டியும் நெம்பியும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்ததால் நேர்ந்தவை.

முதல் தவறு பம்பர் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் போதாது. எந்த ஆண்டு, எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 1967 மாடல் வரை இருந்த வளைந்த பம்பரும் 1968 மாடலிலிருந்து வந்த தட்டையான, சதுர வடிவப் பம்பரும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1973 மாடல் ஆண்டிலிருந்து, முன்பக்கத்தில் மணிக்கு 5 மைல், பின்பக்கத்தில் 2.5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாது என்ற விதி வந்ததால், அந்தச் சந்தைக்காகத் தயாரான பல கார்களில் பம்பர் மட்டுமன்றி அதைத் தாங்கும் பிராக்கெட்டுகளும் மாறின. அப்படிப்பட்ட காருக்கு ஐரோப்பிய மாடலின் மெல்லிய பம்பரை வாங்குபவர், அதற்குரிய பிராக்கெட்டுகளையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கும்.

பழைய பம்பரை எடைக்குப் போட்டுவிடுவது இரண்டாவது தவறு. துருப்பிடித்து உருக்குலைந்திருந்தாலும், துளைகள் எங்கே இருந்தன, எந்த இடத்தில் எத்தனை வாஷர் வைத்திருந்தார்கள், ஓவர்ரைடருக்கும் (பம்பரின் முகத்தில் செங்குத்தாக நிற்கும் காப்புத் துண்டு) பம்பருக்கும் இடையே ரப்பர் பட்டை இருந்ததா என்பதற்கெல்லாம் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். புதியது முழுமையாகப் பொருந்தி, வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதை அப்புறப்படுத்தலாம்.

பம்பர் வந்தவுடன் அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை முழுவதும் உரித்துவிட வேண்டாம். போல்ட் வரும் இடங்களிலும் ஓரங்களிலும் மட்டும் உரித்தால் போதும். மீதி, வேலை முடியும் வரை கீறலிலிருந்து காக்கும். அதேசமயம் படலத்தோடு மாதக்கணக்கில் வெயில் படும் இடத்தில் போட்டுவைத்தால், பசை இறுகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை எடுப்பது பெரிய தொல்லை. முன்பக்கப் பளபளப்பைவிடப் பின்பக்கத்தைக் கூர்ந்து பார்ப்பதே பயனுள்ளது. பற்றவைப்புகள் முழுமையாக இருக்கின்றனவா, உள்ளே பொருத்தப்பட்ட நட்டுகளில் மரை சுத்தமாக இருக்கிறதா, துளைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கிறதா என்பதை அங்கேதான் காண முடியும். காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஏறத்தாழ ஒட்டாது என்பது உண்மை. ஆனால் குளிர்நிலையில் வளைக்கப்பட்ட இடங்களில் அதுவே லேசாகக் காந்தத்தை ஈர்க்கும். ஆகவே, வளைவில் காந்தம் மெதுவாக இழுக்கிறது என்பதற்காக மட்டும் உலோகத்தைப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி, அதிகமான பேர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். பம்பரைத் தூக்கி வைத்துப் பார்க்கிறோம். இடது முனை மட்கார்டை ஒட்டி நிற்கிறது, வலது முனை விலகி நிற்கிறது. உடனே பம்பர் கோணல் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம், ஏனென்றால் இத்தகைய பம்பர்களில் கையால் முடிக்கப்படும் வேலை அதிகம். ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடிய காரில் யாரோ ஒருவர் எப்போதோ சுவரில் லேசாக முட்டியிருப்பார், வேறொருவர் பிராக்கெட்டில் கயிற்றைக் கட்டி இழுத்திருப்பார், மட்கார்டு ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும். இவற்றில் எது கோணல் என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

நான் பொருத்திய ஒரு பீட்டிலில் முன்பம்பரின் ஒரு முனைக்கும் மட்கார்டுக்கும் இடையே 10 மில்லிமீட்டரும் மறுமுனையில் 16 மில்லிமீட்டரும் இடைவெளி இருந்தது. அரை நாள் முழுவதும் பம்பரையே குற்றவாளியாக வைத்து, கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். பிறகுதான் பம்பரை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பிராக்கெட்டுகளின் முகத்திலும் படும்படி ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலிலிருந்து பாடியின் இருபுறமும் ஒரே மாதிரியான புள்ளிகளுக்கு அளந்தேன். ஒரு பிராக்கெட் சற்றே பின்னால் போயிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. அதைக் கழற்றி, வைஸில் பிடித்து நேராக்கிய பின் அதே பம்பர் இரு முனையிலும் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் நின்றது. பம்பரைக் கையில் எடுக்கும் முன்பு பிராக்கெட்டுகளை அளந்திருந்தால் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும். அளக்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். தரையிலிருந்து உயரம் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போவது அடுத்த தவறு. எல்லா போல்ட்டுகளையும் கையால் திருகி, ஆட்டம் இருக்கும்படி விட்டு, பம்பர் தன் எடையில் தொங்கும்போது நடுவை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு உயரம், பிறகு முனைகளின் இடைவெளி. மூன்று துண்டுகளாக வரும் பம்பர்களில், துண்டுகளைத் தரையில் ஒரு கம்பளி மேல் வைத்து லேசாக இணைத்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். இணைப்பு ஓவர்ரைடருக்கு அடியில் மறைந்துவிடும் என்று அலட்சியமாக விட்டால், மேல்விளிம்பின் கோடு அந்த இடத்தில் உடைந்து தெரியும். கடைசியாக இறுக்கும்போது இருபுறமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதற்கு முன் பானெட்டையும் டிக்கியையும் ஒருமுறை முழுவதும் திறந்து மூடிப் பார்ப்பதும், சைலன்சர் குழாய்க்கும் பம்பருக்கும் இடையே அதிர்வுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு நிமிட வேலைதான்.

துளை சில மில்லிமீட்டர் தள்ளி நின்றால் பம்பரை நெம்புகோலால் இழுத்துப் பிடித்து போல்ட்டைப் போட்டுவிடுவது பரவலான பழக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வளைத்தவுடன் வில் போலத் திரும்பிவரும் உலோகம். வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்த விசை எங்கும் போய்விடாது. அது பற்றவைப்பிலும் பிராக்கெட்டிலும் மட்கார்டின் பெயின்டிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். காஸ் டார்ச்சால் சூடாக்கி வளைப்பது இன்னும் மோசம். சூடு பட்ட இடம் முதலில் வைக்கோல் நிறமாகவும் பிறகு நீலமாகவும் மாறும். அந்த நிறத்தைப் பாலிஷ் போட்டு நீக்காவிட்டால், குரோமியம் குறைந்துபோன அந்த இடத்தில்தான் பிற்பாடு துருப்புள்ளி தோன்றும். திருத்தத்தை பிராக்கெட்டில் செய்வதுதான் முறை: அதன் துளையை அரத்தால் நீள்துளையாக்கலாம், இடையில் வாஷர் சேர்க்கலாம். பிராக்கெட்டை மீண்டும் பெயின்ட் அடித்து மறைத்துவிட முடியும், பம்பரை முடியாது.

பம்பரிலேயே துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வேகமாகச் சுற்றும் மழுங்கிய டிரில் பிட்டைத் தவிர்க்க வேண்டும். வெட்டாமல் உரசிக்கொண்டே இருக்கும் பிட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சூடாக்கி அந்த இடத்தை இறுகச் செய்துவிடும். அதன் பிறகு புதிய பிட்டும் அங்கே இறங்க மறுக்கும். கோபால்ட் கலந்த பிட், குறைந்த வேகம், விடாத அழுத்தம், வெட்டு எண்ணெய் ஆகிய நான்கும் இருந்தால் துளை சுருள் சுருளாக இறங்கும்.

போல்ட்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பம்பரின் தோற்றத்தை மலிவான போல்ட்டுகள் கெடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டு, இரண்டும் ஈரத்தில் நனையும்போது, மின்வேதி அரிப்பு போல்ட்டைத்தான் தின்னும். பம்பரின் பரப்பு பெரியது, போல்ட்டின் பரப்பு சிறியது என்பதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். பழுப்பு நீர் பளபளக்கும் தகட்டில் வழியும்போது, வாங்கியவர் பம்பரே துருப்பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே பம்பரில் படும் போல்ட்டும் நட்டும் தலையில் ஏ2 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஆனால் அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு: உலர்ந்த மரையில் வேகமாக இறுக்கினால் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, பிறகு முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிடும். மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவி, ஸ்பேனரால் நிதானமாக இறுக்க வேண்டும். தட்டித் தட்டி வேகமாக இறுக்கும் இம்பாக்ட் கன் இங்கே வேண்டாம். பிராக்கெட்டை சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகளை மட்டும் மாற்றாமல் விடுவது நல்லது. அங்கே பொதுவாக வரும் 8.8 தர போல்ட்டின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுக்கு 700 மட்டுமே.

இரும்பு பிராக்கெட்டுக்கு நன்றாகப் பெயின்ட் அடித்து, பம்பர் தொடும் இடத்தில் நைலான் அல்லது ரப்பர் வாஷர் வைத்தால் அரிப்பு குறையும். ஆனால் இதைச் செய்தவுடன் நம்பர் பிளேட் விளக்கு எரியாமல் போகிறதா என்று பாருங்கள். சில கார்களில் அந்த விளக்குக்கு எர்த் பம்பர் வழியாகவே கிடைக்கிறது. அப்படியானால் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். இல்லாத வயரிங் கோளாறைத் தேடி வண்டியையே பிரித்தவர்கள் உண்டு.

பம்பருக்குப் பக்கத்தில் இரும்பை கிரைண்டரில் தேய்ப்பதும், இரும்புக் கம்பளியால் பம்பரைத் துடைப்பதும் கூடாது. பறக்கும் இரும்புத் துகள் பரப்பில் பதிந்து, ஓரிரு வாரங்களில் தேநீர்க் கறை போலப் படரும். குளோரின் கலந்த பிளீச்சும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கிளீனரும் உலோகத்தைக் காக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தையே துளைக்கும். நிறத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்: குரோம் சற்று நீலம் ஓடியது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சற்று மஞ்சள் கலந்த சாம்பல். பழைய குரோம் ஓவர்ரைடரைப் புதிய பம்பரில் மாட்டினால், மாலை வெளிச்சத்தில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பம்பரில் கொக்கி மாட்டித் தூக்கும் ஜாக்கி ஒரு காலத்தில் அமெரிக்கக் கார்களோடு வந்தது. வடிவத்துக்காகச் செய்யப்பட்ட நகல் பம்பரில் அதை மாட்டக் கூடாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. பொருத்தி நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்து, முதல் மழைக்குப் பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பம்பரின் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்கேயாவது பழுப்புக் கோடு இறங்கியிருந்தால், அதன் மேல்முனையில் இருக்கும் போல்ட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.