மூணாறு உறைபனியில் அடீனியம், ஆந்தூரியம், ஆர்க்கிட் செடிகளைக் காப்பது எப்படி

மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கத்தில் டேலியா, ஹைட்ராஞ்சியா, ஃபியூஷியா, ஜெரேனியம் எல்லாம் வைத்த இடத்தில் வந்துவிடும். தேனி, போடிப் பக்கத்து நர்சரியிலோ திருச்சூர் மண்ணுத்தியிலோ செழித்து நின்ற அடீனியத்தை, அதாவது பாலைவன ரோஜாவை, மலையேற்றிக் கொண்டுவந்தால்தான் சிக்கல். மார்கழி முடிவதற்குள் அடித்தண்டு கொழகொழத்துப் போகும். பனி கொன்றுவிட்டது என்பார்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், ஐப்பசி மழையிலேயே வேர் அழுகியிருப்பது தெரியும்.

வெப்பநாட்டுச் செடியின் வேர், மண் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் உறிஞ்சுவதை வெகுவாகக் குறைத்துவிடும். உறிஞ்சாத தண்ணீர் தொட்டியிலேயே தங்கும். காற்றுப் போகாத வேரில் பூஞ்சை ஏறும். அதனால் இந்த மலையில் செடி காப்பதென்றால் முதல் வேலை தொட்டியைக் காயவைப்பது. போர்த்துவது அதற்கு அடுத்தது.

உங்கள் முற்றத்தில் பனி எங்கே இறங்குகிறது

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து ஓடும். 2019 ஜனவரியில் மூணாறைச் சுற்றிப் பல எஸ்டேட்டுகளில் பூச்சியத்துக்குக் கீழே போனபோதும் பள்ளத்துப் புல்வெளிகள்தான் முதலில் வெளுத்தன, மேட்டு வீடுகள் ஓரளவு தப்பின. ஒரே வீட்டு முற்றத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. சரிவின் கீழ்ப்பக்கம் அடைத்து மதிலோ அடர்ந்த வேலியோ கட்டியிருந்தால் அங்கே குளிர் தேங்கும். இரண்டடி அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டால் வடிந்து போய்விடும். மறையூர்ப் பக்கம் தாழ்வு, மழையும் குறைவு. அங்கே இதில் பாதி வேலைகூடத் தேவைப்படாது.

குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். செடி நிற்கும் உயரத்தில், திறந்த வெளியில் தொங்கவிடுங்கள். தலை உயரத்தில் 3 டிகிரி காட்டும் இரவிலும் புல் நுனியில் உறைபனி படியும். அந்த எண்ணை மட்டும் நம்பிச் செடியை வெளியே விட்டவர்கள் காலையில் கருகிய இலையைத்தான் பார்ப்பார்கள். விடியும் நேரம்தான் இருப்பதிலேயே குளிர்.

புரட்டாசியில் தொடங்க வேண்டியது

செப்டம்பர் கடைசியோடு யூரியா, மாட்டுச்சாணக் கரைசல், 19:19:19 கூட்டு உரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தழைச்சத்து புதுத் தளிரைக் கிளப்பிவிடும். நீர் நிறைந்த இளந்தளிர்தான் பனியில் முதலில் வெடிக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு 5 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு தடவை போடலாம். இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சலித்த அடுப்புச் சாம்பல். கவாத்தும் தொட்டி மாற்றுவதும் இனி பங்குனியில்தான்.

துலாமழை என்கிற ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அடீனியம், புளூமேரியா, டிராகன் பழம் மூன்றையும் கூரைக்குள் கொண்டுபோய்விடுங்கள். உண்மையில் மூணாறில் அடீனியம் ஒரு நாளும் நேரடியாக மழையில் நனையக் கூடாது. ஜூன் மாதப் பெருமழைக்கும் இதே விதிதான். மே கடைசியிலேயே ஒளி வரும் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும்.

மாவுப்பூச்சி, செதிற்பூச்சி இருந்தால் உள்ளே வைக்கும் முன் தீர்த்துவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். இங்கே எண்ணெய் குளிரில் நெய் மாதிரி உறைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் விட்டால் கட்டிகட்டியாக மிதந்து ஸ்பிரேயரை அடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புடன் முதலில் கலக்கிவிட்டு, பிறகு மற்றத் தண்ணீரை ஊற்றுங்கள்.

சுவரோரக் கூடு

எஸ்டேட் லயத்து வரிசை வீடோ தனி வீடோ, செடிகளை இரவில் மூடிவைக்கும் கூடு கட்ட ஒரு சுவர் போதும். தென்சுவர் சிறந்தது, பனிக்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நாள் முழுக்க வெயில் படும். அது இல்லையென்றால் மேற்குச் சுவர். மாலை வெயிலை வாங்கிவைத்து இரவில் விடும். மறுபுறம் அடுப்பு எரிகிற சுவராக இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

நீளம் 6 அடி, அகலம் இரண்டரை அடி. சுவரோரம் 5 அடி உயரம், முன்பக்கம் மூன்றரை அடி. ஒரு அங்குல பிவிசி குழாயிலோ மூங்கிலிலோ சட்டம் போடுங்கள். போர்த்துவதற்குப் பசுமைக்குடிலுக்கு விற்கும் 200 மைக்ரான் ஷீட் வாங்குங்கள். சாதாரண பாலிதீன் ஒரு கோடையிலேயே நொறுங்கிவிடும். கூரையில் இரண்டு அடுக்குப் போட்டு நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டால் அந்தக் காற்று கம்பளியாகிவிடும். கீழ்ப்பக்கம் ஷீட்டை ஆறு அங்குலம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், ஒரு விரல் சந்துகூட இரவுக் குளிரை உள்ளே இழுக்கும். கூரைச் சரிவு கட்டாயம் வேண்டும். உள்ளே வியர்க்கும் நீர் செடிமேல் சொட்டாமல் முன்பக்கம் வழிந்து போகவே அது. இலை ஷீட்டைத் தொடாமல் நாலு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். ஒட்டிய இடம் கருகும்.

உள்ளே சுவரோரமாக 20 லிட்டர் கேன்கள் ஆறு. கறுப்புப் பெயிண்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, மூடி இறுக்கி வையுங்கள். ஒரு கேன் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கும்போது விடும் சூடு, 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய மூன்று மணி நேரம் எரிந்ததற்குச் சமம். ஆறு கேன் என்றால் கரண்ட் செலவில்லாமல் ஆறு பல்பு. இந்த முறையில் கெட்டுப்போக எதுவுமில்லை. மின்சாரம் நின்றுபோன இரவிலும் இது வேலை செய்யும். இதையே முதலில் செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்கிறோம்.

பல்பு போடுவதானால் குண்டு பல்புதான். எல்இடி செடிக்குச் சூடு தராது. ஈரமான இடம், அதனால் கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாக மட்டுமே ஒயர் இழுங்கள். கூட்டுக்குள்ளோ மூடிய அறையிலோ கரி அடுப்பு, கனல் சட்டி வேண்டவே வேண்டாம். அது செடிக்கு முன்பு ஆளைக் கொல்லும்.

காலை ஒன்பது மணிக்கு முன்பக்கத்தைத் திறக்க வேண்டும், மாலை மூன்றரை, நாலு மணிக்கு மூட வேண்டும். மறந்து மூடியே வைத்தால் உச்சிவெயிலில் உள்ளே 40 டிகிரியைத் தாண்டும். திறக்காத கூட்டில் ஈரம் தங்கிச் சாம்பல் பூஞ்சை வரும். இலையில் சாம்பல் நிறத்தில் பூத்தாற்போல் தெரிந்தால் அந்த இலையை எடுத்து எரித்துவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

அடீனியம்

இங்கே மண்கலவை சமவெளியில் சொல்வதைவிட வறண்டதாக இருக்க வேண்டும். பருமணல் 2 பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் அல்லது ஓடு 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு. தேங்காய் நார்த்தூள் போடாதீர்கள். நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதன் குணம் போடியில் நல்லது, மூணாறில் எமன். மண்தொட்டி பிளாஸ்டிக்கைவிட மேல்.

நவம்பரில் இரவு 15 டிகிரிக்குக் கீழே போகும்போது இலை மஞ்சளாகி உதிரும். பயப்பட வேண்டாம், செடி தூங்கப்போகிறது. அன்றோடு தண்ணீரை நிறுத்துங்கள். இலையில்லாமல் குச்சியாக நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டு ஊற்றும் ஒரு சொம்புத் தண்ணீர்தான் பெரும்பாலும் அதன் கடைசித் தண்ணீர்.

வாரம் ஒரு முறை பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நலம். தோல் சுருங்கி, உள்ளே இறுக்கமாகவே இருந்தால் தாகம். நல்ல வெயிலடிக்கும் நாளில் காலை 11 மணிக்கு 100 மில்லி மட்டும் விடுங்கள், அடுத்தது மூன்று நான்கு வாரம் கழித்து. அழுத்தினால் பள்ளம் விழுந்து எழாமல் நின்றாலோ, மண்ணோரம் புளித்த வாடை வந்தாலோ அழுகல்.

அழுகியதை அன்றே எடுங்கள். செடியைப் பிடுங்கி மண்ணை உதிர்த்து, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் பழுப்பான சதையைச் சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. புள்ளி மிஞ்சினால் பத்து நாளில் மீண்டும் பரவும். காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசி, அடுப்படிப் பரண்மேல் பத்துப் பன்னிரண்டு நாள் காயவிட்டு, ஈரமில்லாத மணலில் நட்டு வையுங்கள். தண்ணீர் மாசிக்குப் பிறகே. பால் விஷம், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மற்றச் செடிகள்

புளூமேரியா, மலையாளத்தில் ஈழச்செம்பகம் என்பது, இலை உதிர்ந்த பிறகு வெளிச்சமே இல்லாமலும் இருக்கும். தொட்டியோடு உள்ளே வைக்க இடமில்லையென்றால் பிடுங்கி, வேர் மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றி உலர்ந்த அறையில் சாய்த்து வையுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே போகாத இடமாக இருந்தால் போதும்.

கலாடியத்துக்கு இன்னும் சுலபம். இலை சாய்ந்ததும் கிழங்கை எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

ஆந்தூரியம் தூங்காது, அதனால் கூடு போதாது, வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நிற்கும், 10 டிகிரிக்குக் கீழே இலையில் வெந்த கீரை மாதிரி கரும்பச்சைத் திட்டு விழும். ஜன்னலோரம் பகலில் நல்லது. இரவில் கண்ணாடி பனிக்கட்டி மாதிரி குளிரும், ஓரடி உள்ளே நகர்த்துங்கள். குழாயிலிருந்து வரும் சில்லென்ற தண்ணீரை அப்படியே ஊற்றாமல் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் கொடுங்கள்.

ஆர்க்கிட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்து வீட்டுக்குள் பூட்டுவது பெருந்தவறு. சிம்பிடியத்துக்குக் குளிர்ந்த இரவு இருந்தால்தான் பூத்தண்டு வரும். உறைபனி படாமல் வராந்தாவில் நின்றால் போதும். டென்ட்ரோபியம் நோபிலே வகைக்கும் நவம்பர் முதல் உரத்தையும் தண்ணீரையும் குறைத்து, 10 முதல் 13 டிகிரி இரவில் விடுங்கள். கரிசனமாக ஊட்டினால் கணுவில் பூவுக்குப் பதில் குட்டிச் செடி முளைக்கும். கடையில் அதிகம் விற்கும், ஆண்டு முழுக்க இலையிருக்கும் டென்ட்ரோபியம் வேறு வகை, அது 14, 15 டிகிரிக்குக் கீழே தாங்காது. எந்த ஆர்க்கிட்டையும் விறகுப் புகையிலும் பழுக்கும் வாழைத்தார் பக்கத்திலும் வைக்காதீர்கள். இரண்டிலிருந்தும் வரும் எத்திலீன் மொட்டை உதிர்த்துவிடும்.

கறிவேப்பிலையை முதல் மூன்று வருடம் தொட்டியிலேயே வளருங்கள். தரையில் வைத்த கன்று பள்ளத்து முற்றத்தில் தப்புவது அரிது. வாழை இலை கருகினாலும் கிழங்கு பிழைக்கும், தூரைச் சுற்றி ஓரடி உயரத்துக்குக் காய்ந்த சருகு குவியுங்கள். ஆனால் குட்டைச் செடிகளின் கீழே சருகு போடாதீர்கள். சருகு மண்சூட்டை மேலே விடாது, அதனால் மேலே உள்ள இலையில் பனி கூடுதலாகப் படியும்.

பனி விழப்போகும் இரவு

மாலையில் வானம் துடைத்த மாதிரி இருந்து, காற்று அசையாமல், ஏழு மணிக்கே 8 டிகிரிக்கு வந்துவிட்டால் பனி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும் செடிகளுக்கு மதியமே மண்ணில் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்துவைக்கும். இலையில் படக் கூடாது. இருட்டும் முன்பு நாலு குச்சி நட்டு, கோணிச்சாக்கோ பழைய போர்வையோ தரைவரை தொங்கும்படி மூடுங்கள். தலையில் மட்டும் மூட்டை மாதிரி கட்டினால் பயனில்லை, செடியைக் காப்பது மண்ணிலிருந்து ஏறும் சூடு. இளந்தேயிலைக்குப் பெரணித் தழை குத்தி மறைப்பார்களே, கன்றுகளுக்கு அதுவும் நன்றாக வேலை செய்யும். இலை வானத்தைப் பார்க்காமல் இருந்தாலே பாதிப் பனி குறையும்.

தவறி வெளியே நின்ற செடிமேல் பனி படிந்துவிட்டால், வெயில் படும் முன்பு கிணற்றுத் தண்ணீரைத் தூவிக் கரைத்துவிடுங்கள். உறைந்த இலைமேல் நேர்வெயில் அடித்துச் சட்டென்று உருகினால் சேதம் இன்னும் கூடும். கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். அடுத்த பனிக்கு அதுவே போர்வை. எது செத்தது, எது பிழைத்தது என்பதும் பங்குனியில் தளிர் விடும்போதுதான் தெரியும்.

வெளியே எடுப்பது

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது இந்த மலைக்கே சொன்ன மாதிரி. பிப்ரவரி நடுவில் பகல் வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். தொடர்ந்து பத்து இரவு வெப்பமானி 12 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்த பிறகு தொடங்குங்கள். முதல் மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், அடுத்த நாலு நாள் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில், அதன்பிறகு முழு வெயில். மலைவெயில் கடுமை, மாதக்கணக்கில் உள்ளே இருந்த தண்டு ஒரே நாளில் வெந்து வெளுத்துவிடும். அடீனியத்துக்கு நுனியில் பச்சை மொட்டு தெரிந்த பிறகு முதல் தண்ணீர் அரை டம்ளர். இரண்டு இலை விரிந்தபின் தொட்டி நிறைய ஊற்றலாம். உரம் அதற்கும் பதினைந்து நாள் கழித்து.