காலையில் விறைப்பு, மாலையில் இளக்கம்: என் அனுபவம்

ஒரே ஆட்டு மூளையிலிருந்து வெட்டிய வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த வெண்ணிறப் பகுதி) துண்டுகள், இரு தட்டுகளுக்கிடையே வைத்துத் திருகி விறைப்பை அளக்கும் ரியோமீட்டரில் காலையில் விறைப்பாகவும் மாலையில் இளகியும் தெரிந்தன. பதினொரு நாள் இதிலேயே போயின.

இறந்தபின் திசு சிதைவதே காரணம் என்று முதலில் நினைத்தேன்; ஆனால் பனிக்கட்டியில் வைத்திருந்த துண்டை மறுநாள் காலை முதலாவதாக அளந்தபோது அதுவும் விறைப்பாகவே இருந்தது. துண்டு உலர்கிறதோ என்று ஓரங்களில் உப்புக்கரைசல் தடவினேன். வழுக்குகிறதோ என்று தட்டுகளில் உப்புத்தாள் ஒட்டினேன். இரண்டும் செய்ய வேண்டியவைதாம், ஆயினும் குறை தீரவில்லை.

கருவியின் திரை 37 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது கீழ்த்தட்டை மட்டுமே. வெப்பநிலையை அளக்கும், மயிரிழை போன்ற வெப்ப மின்னிரட்டைக் கம்பியைத் துண்டின் நடுவில் செருகிப் பார்த்த பின்னரே, எஃகு மேல்தட்டு குளிரூட்டிய அறையின் 22 டிகிரியில் நிற்பதும், 3 மில்லிமீட்டர் தடிமனான துண்டு 30 டிகிரியைக்கூட எட்டாததும் தெரிந்தன. மூளைத் திசு குளிர்ந்தால் விறைக்கும், சூடேறினால் இளகும். பகல் முழுதும் ஓடியதில் மேல்தட்டு மெல்லச் சூடேறியதையே நான் திசுவின் மாற்றம் என்று பதிவு செய்திருக்கிறேன்.

இப்போது மூடியைப் பொருத்தி, இயந்திரத்தை வெறுமையாக ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைக்கிறேன். அதன் பிறகே தட்டுகளுக்கிடையிலான இடைவெளியின் பூச்சியத்தை அமைக்கிறேன். பலரும் தவறவிடுவது இதைத்தான்: சூட்டில் எஃகுத் தண்டு நீள்வதால், குளிரில் அமைத்த பூச்சியம் துண்டைச் சற்றுக் கூடுதலாக நசுக்கிவிடும். நடுக்கம்பி 37 டிகிரியைக் காட்டியதும் 1 விழுக்காட்டுக்கு உட்பட்ட திரிபில் (துண்டின் வடிவம் மாறும் அளவில்) அளக்கிறேன். காலைத் துண்டும் மாலைத் துண்டும் ஒத்துப்போகின்றன.