நானும் தன்பாலீர்ப்பாளர்தான், அதனால் எல்லாம் புரிந்துவிடாது

மனநல ஆலோசனைக்கு வருபவரும் தன்பாலீர்ப்பாளர், எதிரில் ஆலோசகராக இருக்கும் நானும் அப்படியே என்றால் பாதி வேலை முடிந்தது என்றுதான் ஆரம்பத்தில் நம்பினேன். பெரிய தவறு. ஒரு தம்பி (விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்) "எங்க அம்மா இருக்காங்களே..." என்று தொடங்கி நிறுத்தினார். என் அம்மா அழுத நாள் என் கண்முன் வந்துவிட்டது. "தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு, இல்ல?" என்று நானே முடித்து வைத்தேன். அவரும் தலையாட்டினார். மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார்: அம்மாவுக்கு எப்போதோ தெரியும், தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் தினமும் சோறு போடுகிறார், அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை என்று. என் கதையை அவர் வாயில் திணித்து மூன்று வாரத்தை வீணாக்கியிருந்தேன்.

நம்மைப் போன்ற ஆலோசகர்கள் செய்யும் இன்னொரு தவறு, "வீட்டில் சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கும்" என்று அவசரப்படுத்துவது. தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், சொந்தக்காரர் பேச்சு எல்லாம் ஒரே வீட்டுக்குள் பின்னிக்கிடக்கும்போது, சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. சாதியைப் பற்றிக் கேட்காமல் விடுவதும் இதே ரகம்தான்; காதலர் வேறு சாதி என்றால் பயம் இரட்டிப்பு, சிலருக்கு அதுதான் முதல் பயமே.

"நான் அந்த மாதிரி" என்று மட்டும் ஒருவர் சொன்னால், உடனே ஒரு பெயரை ஒட்டாதீர்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்ட, தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரைக் குறிக்கும் சொற்பட்டியல் நாம் கண்ணியமாகப் பேச உதவும், ஆனால் தனக்கான சொல்லை அவர்தான் எடுக்க வேண்டும்.

பெற்றோர் "எப்படியாவது மாத்திக் குடுங்க" என்றால், அவர்களை இழக்கக்கூடாதே என்று "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்றே தடை செய்துவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதுமுன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்குத் தன்பாலீர்ப்பு பற்றிச் சரியாகப் புரியவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதைச் சொன்னால் பெற்றோர் முகத்தில் ஒரு தளர்வு வரும், தெரியாமல் இருப்பது குற்றமில்லை என்று.

கடைசியாக ஒன்று. நம் வட்டம் சின்னது. ஜூனில் நம்மவர்கள் நடத்தும் சென்னை வானவில் பேரணியில் ஆலோசனைக்கு வருபவர் எதிரே வரலாம், என் துணைவருக்கு நண்பராகவும் இருக்கலாம். இதை நான் முன்பு பேசாமல் விட்டு, கூட்டத்தில் ஒருவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் மறுபடி வரவேயில்லை. இப்போது முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: "வெளியே பார்த்தா நான் வணக்கம் சொல்லலாமா, இல்ல நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கணுமா?"