எனர்ஜிபிளஸ் மணிநேர முடிவுகளை எக்செலுக்கு எடுப்பது எப்படி?

திருகோணமலையில் ஒரு விடுதிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஆற்றல் மாதிரி செய்பவருக்கு ஆண்டு மொத்தம் மட்டும் போதாது. மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்னும் வெப்பமான வறண்ட காற்று வீசும் பிற்பகல்களில் எந்த அறை எத்தனை மணிக்குக் கொதிக்கிறது என்பதை மணிநேர முடிவுகளே காட்டும். கட்டடத்தின் ஆற்றல் பயன்பாட்டைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளிலிருந்து அவற்றை எடுக்கும் முறையை முதன்முறை செய்பவருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். எந்த அளவை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கிறோமோ, அதை மட்டுமே மென்பொருள் மணிவாரியாக எழுதி வைக்கும். விடுபட்டதைப் பெற மீண்டும் ஓட்டத்தான் வேண்டும்.

படி 1: ஐடிஎஃப் எனப்படும் மாதிரிக் கோப்பைத் திருத்தும் ஐடிஎஃப் எடிட்டரில் 'அவுட்புட்:வேரியபிள்டிக்‌ஷனரி' என்ற பொருளைச் (அதாவது 'ஆப்ஜெக்ட்' எனும் உள்ளீட்டுப் பகுதியைச்) சேர்த்து மாதிரியை ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் மாதிரியில் கிடைக்கக்கூடிய அளவுகளின் பெயர்கள் ஆர்டிடி (.rdd) என முடியும் கோப்பில் வரும்.

படி 2: தேவையான ஒவ்வோர் அளவுக்கும் ஓர் 'அவுட்புட்:வேரியபிள்' பொருளை உருவாக்குங்கள். அதன் முதல் பெட்டியில் உடுக்குறி (*) இட்டால் எல்லா அறைகளுக்கும் முடிவு வரும். அடுத்ததில் அளவின் பெயரும், கடைசியில் 'ஹவர்லி' என்பதும் வர வேண்டும். அறைக் காற்றின் வெப்பநிலையையும் வெளிக்காற்றின் வெப்பநிலையையும் சேர்த்தே கேளுங்கள், ஏனெனில் வெளியே என்ன நடந்தது என்று தெரியாமல் அறையின் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. மொத்த மின்சாரத்துக்கு 'அவுட்புட்:மீட்டர்' பொருளில் 'எலெக்ட்ரிசிட்டி:ஃபெசிலிட்டி' என்று எழுத வேண்டும். உண்மையான கருவி இல்லாமல் தேவையான குளிர்ச்சியை மட்டும் கணக்கிடும் 'ஐடியல் லோட்ஸ்' முறையில் குளிரூட்டலை அமைத்திருந்தால், அது தருவது அறையிலிருந்து அகற்றப்படும் வெப்பமே, குளிரூட்டி இழுக்கும் மின்சாரம் அன்று.

படி 3: 'சிமுலேஷன்கன்ட்ரோல்' பொருளில், வடிவமைப்பு நாட்களுக்கு (கருவியின் அளவைத் தீர்மானிக்க எடுக்கும் கடும் வெப்ப அல்லது குளிர் நாட்களுக்கு) ஓட்டும் தெரிவை 'நோ' என்றும் வானிலைக் கோப்புக்கு ஓட்டும் தெரிவை 'யெஸ்' என்றும் வையுங்கள்.

படி 4: எனர்ஜிபிளஸை இயக்கும் செயலியான ஈபி-லாஞ்ச் வழியாக ஓட்டினால், முடிவுகள் அடங்கிய சிஎஸ்வி கோப்பு உங்கள் ஐடிஎஃப் இருக்கும் கோப்புறையிலேயே வரும். அதை எக்செலில் திறந்ததும் வரிகளை எண்ணுங்கள். முழு ஆண்டுக்குத் தலைப்பு நீங்கலாக 8,760 வரிகள் இருக்க வேண்டும். மேலே 24, 48 என்று கூடுதல் வரிகள் இருந்தால் அவை பெரும்பாலும் வடிவமைப்பு நாட்களாகவே இருக்கும்.

படி 5: நேரத்தைச் சரியாக வாசிக்க வேண்டும், தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 15:00 என்ற வரி பிற்பகல் 2 மணி முதல் 3 மணி வரையிலான நேரத்தைக் குறிக்கிறது. வெப்பநிலை அந்த மணியின் சராசரி, ஆற்றல் அந்த மணியின் மொத்தம். நாளின் கடைசி வரியில் வரும் 24:00:00 என்பதையும், ஆண்டு இல்லாத தேதியையும் எக்செல் சரியான நேரமாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே லீப் அல்லாத ஓர் ஆண்டின் ஜனவரி 1, 01:00 இலிருந்து தொடங்கும் புதிய நேர நிரலை நீங்களே நிரப்பிக்கொள்வது நல்லது.

படி 6: ஆற்றல் ஜூலில் வரும். அதை 36,00,000 ஆல் வகுத்தால் கிலோவாட் மணி, அதாவது மின்பட்டியலில் நாம் காணும் அலகு, கிடைக்கும்.

நேரத்துக்கேற்ற கட்டணத்தில் மின்சாரம் பெறும் விடுதியானால் 'ஹவர்லி' போதாது. இலங்கையின் மின்கட்டணத்தில் உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை என்பதால், 19:00 வரியின் பாதி பகல் கட்டணத்திலும் மறுபாதி உச்சக் கட்டணத்திலும் விழும். 23:00 வரியும் அப்படியே பிளவுபடும். அந்த இரு வரிகளையும் சரிபாதியாகப் பிரிப்பது எனக்கு உவப்பில்லை, ஏனெனில் விளக்குகளும் சமையலறையும் உயிர்பெறும் அந்த வேளையில் பயன்பாடு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. மீட்டரை மட்டும் 'டைம்ஸ்டெப்' (கணக்கீட்டுப் படி) என்று மாற்றுங்கள். மணிக்கு 6 படிகள் என்றால் 52,560 வரிகள் வரும். எக்செல் அதைத் தாங்கும், 6.30 எல்லையும் ஒரு வரியின் முடிவிலேயே சரியாக அமையும்.