பழைய ஷெஃபீல்டு பேனாக்கத்தியா? அலகின் அடியைப் பாருங்கள்

'1870-களின் ஷெஃபீல்டு பேனாக்கத்தி' (ஷெஃபீல்டு, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம்) என்று யாராவது பெரிய விலை சொன்னால், காசை எடுக்கும் முன் அலகைத் திறந்து, அது கைப்பிடியோடு சேரும் இடத்தில் உள்ள முத்திரையை லென்ஸ் வைத்துப் படியுங்கள். ஷெஃபீல்டோடு 'இங்கிலாந்து' என்றும் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891-க்கு அப்புறம் செய்தது. இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம் சொன்னது. ஷெஃபீல்டு கத்திகளுக்கோ அமெரிக்கா பெரிய சந்தை. 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் பேரமே வேண்டாம், ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கியதே 1913-இல்தான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியாது. பிரிட்டனுக்குள்ளேயே விற்ற கத்திகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் நாட்டின் பெயர் இல்லை என்பதாலேயே கத்தி பழையதாகிவிடாது. சாணை பிடித்துப் பிடித்து எழுத்து தேய்ந்திருந்தாலும், இடையில் யாராவது அலகை மாற்றியிருந்தாலும் (இது நிறைய நடக்கும்) முத்திரையை நம்ப வேண்டாம். இரண்டு அலகு இருந்தால் இரண்டையும் திறந்து பாருங்கள்.