பிரான்சு மன்னர்களின் சாசனக் கருவூலம்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசு நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் செந்த் ஷாப்பெல் தேவாலயம் 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் வடபுறத்தில் அதையொட்டி ஒரு சிறிய துணைக் கட்டடமும் எழுப்பப்பட்டிருந்தது. அதன் மேல்தளத்தில்தான் பிரான்சு மன்னர்கள் தம் உடன்படிக்கைகளையும், குறுநில மன்னர்கள் தமக்கு எழுதிக்கொடுத்த விசுவாசப் பிரமாணங்களையும், திருமண ஒப்பந்தங்களையும், போப்பாண்டவரிடமிருந்து பெற்ற சலுகைகளையும் பெட்டிகளில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். 'த்ரெசோர் தே ஷார்த்', அதாவது சாசனக் கருவூலம் என்பது அதன் பெயர். கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆவணங்கள் பிழைத்து, இன்று பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தனிப் பத்திரங்கள் 'ஜே' என்ற வரிசையிலும், பதிவேடுகள் 'ஜேஜே' என்ற வரிசையிலும் எண்ணிடப்பட்டுள்ளன. பதிவேடுகள் பலவற்றின் படங்கள் இணையத்திலேயே கிடைப்பதால், பாரிசுக்குப் போகாதவர்களும் இவற்றை எடுத்தாளுகிறார்கள். எடுத்தாளும்போது திரும்பத் திரும்ப நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன.

அந்த இடம், இக்கருவூலத்தை நாட்டின் பொது நினைவாக எண்ணிக்கொள்வது. வழக்கு நடத்துகிற குடும்பம் தன் இரும்புப் பெட்டியில் எந்தப் பத்திரங்களை வைத்திருக்கும்? தனக்குச் சாதகமானவற்றையும், எதிராளியைக் கட்டுப்படுத்தக்கூடியவற்றையும்தான். மன்னரின் பெட்டியும் அப்படிப்பட்டதே. 1582 முதல் இக்கருவூலத்தின் காப்பாளர் பதவி, பாரிசு உயர் நீதிமன்றமான பார்லமானில் மன்னருக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞரின் பதவியோடு இணைக்கப்பட்டது என்ற ஒரு செய்தியே இதன் நோக்கத்தைக் காட்டப் போதுமானது. வரலாறு எழுதுவோருக்காகத் திறந்து வைக்கப்பட்ட இடமாக அது இருக்கவில்லை. மன்னரின் உரிமை கேள்விக்கு உள்ளாகும்போது சான்று எடுத்துக் கொடுப்பதே அதன் வேலை. அரசுரிமைச் சொத்து காலம் கடந்தாலும் அழியாது, யாருக்கும் நிலையாக விற்கப்படவும் முடியாது என்ற கொள்கையை 1566ஆம் ஆண்டு மூலேன் ஆணை சட்டமாக உறுதிப்படுத்தியது. உரிமை காலாவதியாகாது என்றால், முந்நூறு ஆண்டுப் பழைய பத்திரமும் நாளைய வழக்குக்கு உதவும். அதனால்தான் அவை இத்தனை கவனமாகக் காக்கப்பட்டன. ஆகவே இங்கே ஒரு பத்திரத்தைக் கண்டவுடன் அது என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதை யார், எந்தக் கோரிக்கைக்காக உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

தோற்றக் கதையிலேயே முதல் சறுக்கல் தொடங்குகிறது. 1194 சூலையில் ஃபிரெத்வால் என்ற இடத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு, பிரான்சு மன்னர் இரண்டாம் பிலிப்பின் படையை விரட்டி, அவருடைய மூட்டை முடிச்சுகளைக் கைப்பற்றினார். மன்னர் எங்கு போனாலும் ஆவணங்களும் கூடவே போன காலம் அது. முத்திரையும் கணக்குச் சுவடிகளும் அன்று பறிபோயின என்று பிலிப்பின் அவையைச் சேர்ந்த கியோம் லெ பிரத்தோன் எழுதியிருக்கிறார். இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் கருவூலம் பிறந்தது என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. கதை அழகானதுதான். ஆனால் கைக்கு எட்டும் மிகப் பழைய அரசப் பதிவேடு தொகுக்கப்பட்டது 1204இல். பிலிப் நார்மண்டியைக் கைப்பற்றிய ஆண்டும் அதுவே. புதிதாகச் சேர்ந்த பெரும் நிலப்பரப்பில் யார் எந்தக் கடமைக்கு உட்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை, பத்து ஆண்டுகளுக்கு முன் இழந்த மூட்டையைவிடப் பதிவேட்டுக்கு நெருக்கமான காரணமாக எனக்குத் தோன்றுகிறது. 1212இலும் 1220இலும் அது விரித்து மறுபடி எழுதப்பட்டது. பிலிப்பின் ஆலோசகரான கெரேன் இப்பணியின் பின்னணியில் இருந்தார். ஃபிரெத்வாலை மறுக்க வேண்டியதில்லை. அதன்மேல் முழுக் கட்டடத்தையும் ஏற்றி வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அடுத்த தவறு அதிகம் கவனிக்கப்படாதது, ஆனால் அதிகக் கெடுதல் செய்வது. இன்றைய ஜே வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களில் இருக்கும் பத்திரங்கள் இடைக்காலத்திலும் பக்கத்தில்தான் இருந்தன என்று எண்ணி, அந்த அடுக்கிலிருந்தே மன்னரின் எண்ண ஓட்டத்தை ஊகிக்கிறார்கள். இந்த அடுக்கு 1615இல் தலைமை வழக்கறிஞர் மத்தியூ மொலேயின் முயற்சியால் தொடங்கிய பட்டியலிடும் பணியின் விளைவு. பியேர் துப்புய், தியோதோர் கொத்ஃபுருவா என்ற இரண்டு அறிஞர்கள் பெட்டி பெட்டியாகப் பிரித்து, மாகாணங்கள், அயல்நாடுகள், பொருள்கள் என்று வகுத்தார்கள். அவர்கள் காலத்து அரசியல் வரைபடமே பெட்டிகளின் வரைபடமாயிற்று. பிளாண்டர்சு பற்றிய பத்திரங்கள் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், அந்த நாட்டின்மேல் பிரான்சுக்கு என்ன உரிமை என்று 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது. துப்புய் அந்த வேலையையும் நேரடியாகவே செய்தார். முதலமைச்சர் ரிஷ்லியு காலத்தில் மெத்சு, தூல், வெர்தன் ஆகிய மூன்று ஆயர் நிலங்களில் மன்னருக்குள்ள உரிமைகளைத் தேடும் குழுவில் இருந்தார். நேப்பிள்சு, மிலான், நவார் முதலிய நாடுகள்மேல் பிரான்சு மன்னருக்குள்ள உரிமைகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுகள், அவர் இறந்தபின் 1655இல் அச்சாயின. பட்டியல் போட்டவரே வழக்குரையும் எழுதினார் என்றால், பட்டியலின் தலைப்புகளை நடுநிலையானவை என்று கொள்வதற்கில்லை.

இடைக்கால ஒழுங்கை அறிய வேறு வழிகள் உண்டு. 1307இல் அழகன் பிலிப் என்று வழங்கப்படும் நான்காம் பிலிப் நியமித்த காப்பாளர் பியேர் தெத்தாம்ப்பும், ஐந்தாம் சார்லசு காலத்துக் காப்பாளர் ஜெரார் த மோந்தேகுவும் பட்டியல்கள் தயாரித்திருக்கிறார்கள். பத்திரங்களின் முதுகில் பல கைகளில் எழுதப்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் புரட்டாமல் விடுபவர், அந்தப் பத்திரம் எந்தெந்தக் காலத்தில் எதற்காக வெளியே எடுக்கப்பட்டது என்ற செய்தியை இழந்துவிடுகிறார்.

பதிவேடுகளுக்கு வருவோம். நான்காம் பிலிப்பின் காலத்தில் ஒழுங்காகத் தொடங்கி 1568 வரை நீளும் ஜேஜே பதிவேடுகளைப் பார்த்து, மன்னர் பிறப்பித்த ஆணைகள் எல்லாம் இதில் இருக்கும் என்று நம்பி, ஆண்டுக்கு இத்தனை ஆணைகள் என்று எண்ணி வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் பெரும்பாலும் ஏறியவை நிலையான பயன் உடைய கடிதங்கள்: பச்சை மெழுகில் முத்திரை இட்டு, சிவப்பும் பச்சையுமான பட்டுக் கயிற்றில் தொங்கவிட்டுத் தரப்பட்டவை. அவற்றிலும், கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ள விரும்பியவர்களின் கடிதங்களே பதிவாயின. எண்ணிக்கை கூடினால் மன்னரின் அதிகாரம் கூடியது என்று பொருள் கொள்ள முடியாது. பதிவு செய்துகொள்வது தமக்குப் பாதுகாப்பு என்று மக்கள் கருதியது கூடியிருக்கலாம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இப்பதிவேடுகளை நிரப்பும் மன்னிப்புக் கடிதங்கள் தனிக் கவனம் வேண்டுபவை. கொலை செய்தவர், மன்னரிடம் மன்னிப்புக் கேட்டுச் சொன்ன கதைதான் கடிதத்தின் உடலாக அமைகிறது. இறந்தவர் முதலில் கை ஓங்கினார், மது மிகுந்திருந்தது, வேறு வழியில்லை என்று அவர் சொல்வார். இறந்தவருக்கு மறுமொழி சொல்லும் வாய்ப்பில்லை. அன்றாட வாழ்வின் விவரங்களுக்கு இவை அரிய சுரங்கம் என்பதில் ஐயமில்லை. நடந்தது இதுதான் என்று காட்ட அவற்றைப் பயன்படுத்துவது சரியன்று.

தேதிகளில் நேரும் பிழை எளிமையானது, ஆனாலும் தேர்ந்தவர்களையும் கவிழ்க்கிறது. பிரான்சு அரசச் செயலகத்தில் ஆண்டு சனவரி 1இல் பிறக்கவில்லை. ஈஸ்டர் அன்று பிறந்தது. சனவரி முதல் நாளுக்கு மாற்றும் ஆணை 1564இல்தான் வந்தது. இதன் விளைவைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். நான்காம் சார்லசு 1328 பிப்ரவரி 1 அன்று ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய மனைவி அப்போது கருவுற்றிருந்ததால், வலுவா குலத்துப் பிலிப் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தார். ஏப்ரல் 1இல் பெண் குழந்தை பிறந்தபின் அவர் ஆறாம் பிலிப்பாக முடிசூடும் உரிமை பெற்றார். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 3இல் வந்தது. ஆகவே அவர் பொறுப்பாளராக இருந்த இரண்டு மாதங்களின் கடிதங்களும் செயலகக் கணக்கில் 1327ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கணக்கை மறந்தவர், நான்காம் சார்லசு உயிரோடு இருந்தபோதே பிலிப் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார் என்று ஓர் அரண்மனைச் சதியைக் 'கண்டுபிடித்து' விடுவார். இன்னொரு சிக்கலும் உண்டு. ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால், சில ஆண்டுகளில் ஒரே தேதி இரண்டு முறை வரும். 1301ஆம் ஆண்டு ஏப்ரல் 2இல் தொடங்கி, நம் கணக்கில் 1302 ஏப்ரல் 21 வரை ஓடியது. போப்பாண்டவர் எட்டாம் போனிபேசுக்கு எதிராக நான்காம் பிலிப் நோத்ருதாம் பேராலயத்தில் பெருங்கூட்டம் கூட்டிய 1302 ஏப்ரல் 10, பழைய கணக்கில் 1301இன் இரண்டாவது ஏப்ரல் 10. ஈஸ்டருக்கு முன்பா பின்பா என்று எழுத்தர் குறித்திருக்கிறாரா என்று பார்க்காமல் மாற்றக் கூடாது.

மன்னரின் பெட்டியில் இருப்பதாலேயே ஒரு பத்திரம் உண்மையானது, செல்லுபடியானது, மன்னரால் ஏற்கப்பட்டது என்ற மூன்று முடிவுகளுக்கும் ஒரே தாவலில் போய்விடுவது இன்னொரு பழக்கம். மூன்றும் வெவ்வேறு. அர்த்துவா கோமகன் பதவியைத் தன் அத்தை மாகோவிடம் இழந்த ரொபேர், அப்பதவி தமக்கே உரியது என்று காட்டக் கடிதங்களைக் கொண்டுவந்தார். அவை பொய் என்று 1331இல் மெய்ப்பிக்கப்பட்டது. அவற்றைத் தயாரித்த ழான் த திவியோன் என்ற பெண் எரித்துக் கொல்லப்பட்டார். ரொபேர் அடுத்த ஆண்டு நாடு கடத்தப்பட்டுப் பின்னர் இங்கிலாந்து சென்றடைந்தார். உண்மையான பழைய பத்திரத்திலிருந்து பெயர்த்த முத்திரையைப் பொய்க் கடிதத்தில் ஒட்டியதும் அந்த விசாரணையில் வெளிவந்தது. முத்திரை அசலாக இருப்பது பத்திரம் அசல் என்பதற்குச் சான்றாகாது என்பதை அன்றைய நீதிபதிகளே அறிந்திருந்தார்கள். அவ்வழக்கின் ஆவணங்கள் கருவூலத்தில்தான் இருக்கின்றன. மன்னர் காத்தது தீர்ப்பின் சான்றை.

மறுபுறம், 1420 மே 21இல் கையெழுத்தான துருவா உடன்படிக்கை வடிவில் எந்தக் குறையும் இல்லாதது. ஆறாம் சார்லசு தம் மகனை ஒதுக்கிவிட்டு இங்கிலாந்தின் ஐந்தாம் என்றியைத் தம் வாரிசாக்கிய பத்திரம் அது. ஒதுக்கப்பட்ட மகன் ஏழாம் சார்லசாக நாட்டை மீட்டபின்னும் அது அழிக்கப்படவில்லை. மறுக்க வேண்டிய பத்திரமும் மறுப்பதற்காகவே கையில் இருக்க வேண்டும் அல்லவா?

வாரிசுரிமையைப் பேசும்போது சாலிக் சட்டத்தைத் தொடாமல் போக முடியாது. 1316இலும் 1328இலும் பெண்களையும் பெண்வழி உறவினரையும் அரியணையிலிருந்து விலக்கியது சாலிக் சட்டத்தின் அடிப்படையில்தான் என்று இன்றும் பல நூல்களில் படிக்கலாம். அந்தப் பழைய பிராங்கு சட்டத்தொகுப்பை அரியணைப் பேச்சுக்குள் இழுத்துவந்தது பின்னர் நடந்த வேலை: செந்தெனி மடத்துத் துறவி ரிஷார் லெஸ்கோ 1358 அளவில் அதைச் சுட்டினார், அடுத்த நூற்றாண்டில் அரசத் தரப்பு எழுத்தாளர்கள் அதைப் பெரும் ஆயுதமாக்கினார்கள். முதலில் முடிவு, பிறகு அதற்கு ஆதாரம் என்ற வரிசை அரசுரிமை ஆவணங்களில் அரிதன்று. எனவே ஒரு கொள்கை எந்த ஆண்டுப் பத்திரத்தில் முதன்முதலாகச் சொல்லப்படுகிறது என்பதைத் தேடாமல், பிற்கால வழக்குரையின் சொல்லை முற்கால மன்னரின் வாயில் வைக்கக் கூடாது.

கடைசியாக, இல்லாததை வைத்து முடிவு கட்டுவது. கருவூலத்தில் ஒரு பொருள் பற்றி எதுவும் இல்லையென்றால் மன்னருக்கு அதில் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிலவருவாய்க் கணக்குகள், அரசின் கணக்குகளைச் சரிபார்க்கும் கணக்கு மன்றத்தில் இருந்தன. 1737 அக்டோபரில் அங்கே மூண்ட தீ அவற்றில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மேலே சொன்ன 1204ஆம் ஆண்டுப் பதிவேடு இன்று பாரிசிலேயே இல்லை. வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அமைச்சர்கள் தம் வேலைக்காக எடுத்துப்போனவை அவர்கள் வீட்டிலேயே தங்கியதும் உண்டு: போனிபேசு வழக்கையும் டெம்ப்ளர் வீரத்துறவிகள் வழக்கையும் நடத்திய கியோம் த நொகாரே 1313இல் இறந்தபின் அவரிடமிருந்த தாள்கள் கருவூலத்துக்குக் கொண்டுவரப்பட்டன. டெம்ப்ளர் வழக்கில் 1307இல் பாரிசில் விசாரிக்கப்பட்ட 138 பேரின் வாக்குமூலங்கள் அடங்கிய, ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள தோல் சுருள் ஜே வரிசையில் 413ஆம் பெட்டியில் 18ஆம் பத்திரமாக உள்ளது. அவ்வளவு நீளமான சான்று கையில் கிடைத்ததும், அது கைதிகளின் குரல் என்று தோன்றிவிடும். விசாரணைக் கொட்டடியில் பெறப்பட்டு, குற்றம் சாட்டிய மன்னரின் பெட்டியில் சேர்க்கப்பட்ட வாக்குமூலம் அது.

அச்சுத் தொகுதிகளை மட்டும் நம்புகிறவர்களும் ஓர் எல்லையை நினைவில் வைக்க வேண்டும். 1863 முதல் 1902 வரை வெளிவந்த நான்கு பெரிய தொகுதிகள் பெட்டிப் பத்திரங்களை 1270 வரைதான் காலவரிசையில் தருகின்றன. அங்கே தேடல் முடிந்துவிட்டால், நான்காம் பிலிப்பின் காலம் முழுவதற்கும் துப்புய், கொத்ஃபுருவா இருவரின் பட்டியலையும் பெட்டிகளையும்தான் நாட வேண்டும். மேற்கோள் காட்டும்போது வரிசை எழுத்து, பெட்டி எண், பத்திர எண் மூன்றையும் எழுதுவதோடு, கையில் இருப்பது அசலா, அதிகாரி அத்தாட்சி செய்த நகலா, பதிவேட்டுப் படியா என்பதையும் குறிக்க வேண்டும். அசல் பெரும்பாலும் அதைப் பெற்றுக்கொண்டவரிடமே போய்ச் சேர்ந்தது. அவருடைய மடமோ நகரமோ அதை இன்னும் வைத்திருந்தால், பதிவேட்டில் விடுபட்ட வரி அங்கே கிடைக்கலாம்.